சதுப்பர்களின் ஆவிக்காரர்

சனிக்கிழமை மதியம், மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லைகளுக்கு ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. அரக்கர் கூட்டத்துக்குள் இருக்கும் மந்திரக்காரன், வெளியாள் ஒருவனின் காயத்தை ஆற்றலாமா, கூடாதா?

விளையாட்டு விஷயம்தான். ஆனால் மறுநாள் மூன்று மணிக்குள் அவள் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்.

ஞாயிறுதோறும் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஆடும் ஆட்டம் அது. பலகை கிடையாது. ஆளுக்கு ஒரு பாத்திரம். வாயால் சொல்லச் சொல்லக் காடு வளரும், கோட்டை எழும், ஆறு குறுக்கே ஓடும். ஒரு காரியம் பலிக்குமா என்று ஐயம் வரும் இடத்தில் மட்டும் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். ஆட்டத்தை நடத்துபவள் அவள். மற்ற மூவரும் வீரர்கள். அவர்களுக்கு வழியில் எதிர்ப்படும் மழை, பேய், விடுதிக்காரன், விடுதிக்காரனின் நாய் எல்லாம் அவள் குரல்தான்.

போன ஞாயிறு மூவரும் ஒரு பெரிய சதுப்பு நிலத்தின் ஓரத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அண்ணனின் பாத்திரம் ஒரு வாள்வீரன். அவன் காலில் நச்சு முள் ஏறிவிட்டது. பாதத்திலிருந்து ஒரு கறுப்புக் கோடு மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது. மருத்துவம் தெரிந்த மனிதர்கள் இருக்கும் ஊர் ஏழு நாள் நடை. பக்கத்தில் இருப்பவர்கள் சதுப்பர்கள் மட்டும். ஈரத் தோலும் நீண்ட விரல்களும் கொண்ட, கண்ணுக்குள் விளக்கு எரிகிற ஜீவன்கள். அதுவரை அவர்களைக் கண்ட இடத்தில் வெட்டிச் சாய்த்துப் புள்ளிகள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள் மூவரும். இப்போது அவர்களிடமே போய்க் கை நீட்ட வேண்டிய நிலை.

சதுப்பர்களுக்குள் ஒரு ஷாமன் உண்டு என்று விதிப்புத்தகம் சொன்னது. ஆவிகளோடு பேசுகிறவன். அவனைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தது. மனித குலத்துப் பூசாரிகளுக்குத் திறமையில் இருபது படிகளும் பக்கம் பக்கமாய் மந்திரங்களும் இருக்க, அரக்க இனத்து ஷாமன் ஏழாம் படிக்கு மேல் ஏற முடியாது. பதினோரு மந்திரங்கள் மட்டும் அவனுக்குத் தெரியும். தன் இனத்தாரை மட்டுமே குணப்படுத்துவான். அவ்வளவுதான். ஏன் என்று ஒரு வரி கூட இல்லை.

மூக்குக்கண்ணாடிச் சீட்டுகளின் பின்பக்கத்தில் அவள் எழுதிப் பார்த்தாள். முதல் சீட்டில், புத்தகம் சொன்னபடியே விட்டுவிடலாம். அப்படியானால் அண்ணனின் வீரன் இறந்துபோவான். இரண்டாவது சீட்டில், மனிதப் பூசாரிக்கு உள்ள விதியையே அப்படியே இவனுக்கும் வைக்கலாம். அது சட்டையை மட்டும் மாற்றிவிட்டு வேறு ஆள் என்று சொல்வதுபோல் இருந்தது. மூன்றாவது சீட்டு வெகுநேரம் காலியாகவே கிடந்தது.

தேய்ப்புக் கல்லின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. வில்லையிலிருந்து உதிர்ந்த தூள் அதில் கலந்து வெள்ளையாய் வழிந்தது. தேய்த்த வில்லையை அவள் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். யாரோ ஒருவரின் பலத்த கிட்டப்பார்வைக்கான வில்லை. அதன் வழியே எதிர்ச்சுவர் சுருங்கி, தூரத்தில், தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல் நின்றது. நாள்காட்டியின் மூலை அசைந்தது. அந்தத் தண்ணீருக்குள் யாரோ சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பதாய் அவளுக்குத் தோன்றியது. வயதான ஆள். அவசரமே இல்லாத ஆள். அவர் முன்னால் ஒரு காயப்பட்டவன் வந்து நிற்கிறான். அவனிடம் அவர் என்ன கேட்பார்? தங்கமா? சேற்றுக்குள் தங்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மூன்றாவது சீட்டில் ‘கனவு’ என்று எழுதிவிட்டு, அடுத்த வில்லையைக் கையில் எடுத்தாள்.

ஞாயிறு மூன்று மணிக்கு அண்ணன் வீட்டில் மேசை துடைத்துத் தயாராக இருந்தது. அண்ணன் கட்டட வேலையில் கோபுரக் கிரேன் ஓட்டுபவன். ஊரின் வடக்கே எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிகளுக்கு நடுவில் நிற்கும் மஞ்சள் கிரேன் அவனுடையது என்று வீட்டில் எல்லோருக்கும் பெருமை. அண்ணி எடை அளவு ஆய்வாளர். பித்தளைப் படிக்கற்கள் அடங்கிய மரப்பெட்டியோடு கடைகடையாய்ப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது அவள் வேலை. ஆட்டத்தில் அண்ணி வில்லாளி. நாலாவது ஆள் அண்ணனோடு பள்ளியில் படித்த மருந்துக்கடைக்காரர். பெயரை எல்லோரும் மறந்து ‘மாத்திரை’ என்றே கூப்பிட்டார்கள். ஆட்டத்தில் அவர் திருடன்.

“ஷாமன்னு சொல்ல வாய் கோணுது,” என்றார் மாத்திரை. “நம்ம வசதிக்கு ஒரு பேரு வை.”

“ஆவிக்காரன்,” என்றாள் அவள்.

“சளி பிடிச்சா ஆவி பிடிக்கச் சொல்ற ஆள் மாதிரி இருக்கு. பரவால்ல, என் தொழிலுக்குப் பக்கத்துத் தொழில்தான்.”

அண்ணி விதிப்புத்தகத்தை வாங்கி அந்த அரைப் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“இது என்ன கணக்கு? மனுஷப் பூசாரிக்கு இருபது, இவனுக்கு ஏழா? ரெண்டு பேரும் அதே ஆவிகிட்டதானே பேசறாங்க?”

“புத்தகத்துல அப்படித்தான் இருக்கு அண்ணி.”

“புத்தகத்துல இருந்தா? நான் ஒரு கடைக்குள்ள போறேன். தெரிஞ்சவங்களுக்கு ஒரு படிக்கல்லு, தெரியாதவங்களுக்கு ஒரு படிக்கல்லு வச்சிருக்கான். ‘எங்க கடை வழக்கம் மேடம்’னு சொன்னா விட்டுடுவேனா?”

“நாம இத்தன நாளா அவங்களக் கொன்னு புள்ளி வாங்கினோமே, அத எந்தத் தராசுல போடறது?” என்றார் மாத்திரை.

அண்ணி புத்தகத்தை மூடித் தள்ளி வைத்தாள்.

அண்ணன் எதுவும் பேசாமல் பகடையை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் வாதம் என்றால் முதல் ஆளாய் இறங்குவான். சில மாதங்களாகவே இப்படித்தான் இருந்தான். வேலை அதிகம் என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் தன் விதியைச் சொன்னாள். ஆவிக்காரன் பொன் வாங்குவதில்லை. காயத்தோடு வருகிறவர்கள் ஒரு கனவைச் சொல்ல வேண்டும். பாத்திரத்தின் கனவு அல்ல, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரர் தூக்கத்தில் உண்மையாகவே கண்ட கனவு. அது நிஜமாகவே கண்டதானால் மட்டும் பகடையை உருட்டலாம்.

“பொய் சொன்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்றாள் அண்ணி. “சோதிக்க முடியாத விதி விதியே இல்ல.”

“ஆவிக்காரனுக்குத் தெரியும்.”

“ஆவிக்காரன் நீதானே?”

“இன்னிக்கு நான்தான்.”

அண்ணி கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, ஒரு தடவ போட்டுப் பார்க்கலாம்,” என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் மங்கலாய் இருந்தது. அவள் தணிந்த குரலில் தொடங்கினாள். நாணல்கள் விலகின. முழங்கால் ஆழத் தண்ணீர், அதில் நகராமல் மிதக்கும் இலைகள். தூரத்தில் இரண்டிரண்டாய் விளக்குகள். அவை கண்கள் என்று கிட்டே போனபிறகுதான் தெரிந்தது. யாரும் ஆயுதம் எடுக்கவில்லை. நடுவில், வேர்களால் பின்னிய மேடையில், முதுகு கூனி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மார்பின் ஈரத் தோல் மூச்சுக்கு மூச்சு உப்பி அடங்கியது.

“யாருக்குக் காயம்?” என்று ஆவிக்காரரின் குரலில் கேட்டாள்.

மாத்திரையின் திருடனுக்குத் தோளில் ஒரு கீறல். அவர் முதலில் சொன்னார். கனவில் அவர் கடைக்கு வரிசையாய் ஆட்கள் வருகிறார்கள். எல்லோரும் பெயரில்லாத ஒரு மாத்திரையைக் கேட்கிறார்கள். இவர் இழுப்பறையைத் திறந்தால் உள்ளே சட்டைப் பொத்தான்கள். ஆளுக்கு இரண்டு கொடுக்கிறார், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. வாங்கிக்கொண்டு போகிறவர்கள் தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் அவருடைய அப்பாவும் இருக்கிறார்.

“அப்பா எப்படி இருந்தார்?” என்றாள் ஆவிக்காரர் குரலில்.

“நல்லா இருந்தார். சட்டையில பொத்தான் இல்ல.”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். பகடை பதினாறு விழுந்தது. தோள் ஆறியது.

அண்ணியின் வில்லாளிக்குக் காயமில்லை. இருந்தும் அவள் தானாகவே ஒன்று சொன்னாள். தண்ணீருக்கு அடியில் ஒரு சந்தை. அங்கே எந்தத் தராசுத் தட்டும் கீழே இறங்குவதில்லை. எதை வைத்தாலும் மிதந்து மேலே போய்விடுகிறது. இவள் படிக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, கல்லோடு சேர்ந்து மெல்ல மேலே போய்க்கொண்டே இருக்கிறாள். “பயமா இல்ல,” என்றாள். “யாராவது ரசீது கேட்டா என்ன பண்றதுன்னு மட்டும் கவலையா இருந்துச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அண்ணனைப் பார்த்தார்கள். வாள்வீரனின் கறுப்புக் கோடு முழங்காலைத் தொட்டிருந்தது.

“எனக்குக் கனவே வர்றதில்ல,” என்றான் அண்ணன்.

“எல்லாருக்கும் வரும்டா. ஞாபகம் இருக்காது, அவ்வளவுதான்,” என்றார் மாத்திரை.

“சரி. ஒரு வெள்ளைக் குதிரை. அதுல ஏறி வானத்துல பறக்கறேன். கீழ ஒரு கோட்டை. தங்கக் கோபுரம்.”

அவள் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் வீட்டுப்பாடம் எழுதாத நாளில் அவன் அப்பாவிடம் பேசும் குரல் அது.

“குதிரையோட முதுகு சூடா இருந்துச்சா, குளிர்ச்சியா இருந்துச்சா?” என்று ஆவிக்காரர் கேட்டார்.

“முதுகா?” என்றான் அண்ணன்.

“இது உங்க கனவு இல்ல. எடுத்துட்டுப் போங்க.”

அண்ணி சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அண்ணன் பகடையை மேசைமேல் மெதுவாக வைத்தான். எந்த முகம் மேலே இருக்கிறது என்று கூடப் பார்க்கவில்லை.

“அவன் சாகட்டும் விடு. ஆட்டம்தானே,” என்று சொல்லிவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய் நின்றுகொண்டான். அன்றைக்கு ஆட்டம் அதோடு நின்றது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அண்ணன் அவள் கடைக்கு வந்தான். முன்பக்கத்தில் முதலாளி ஒரு கிழவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக் கண் சோதித்துக்கொண்டிருந்தார். அண்ணன் நேராகப் பின்னறைக்கு வந்து, உடைந்த சட்டங்கள் வைத்திருக்கும் பெட்டிமேல் உட்கார்ந்தான். அவன் பூட்ஸில் கணுக்கால்வரை சிமெண்டுச் சேறு காய்ந்திருந்தது. கிரேன் கூண்டுக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவன் காலில் இவ்வளவு சேறு எப்படி வந்தது என்று அவள் நினைத்தாள். அவள் பார்ப்பதை அவனும் பார்த்தான்.

“நான் மேல ஏறி நாலு மாசம் ஆச்சு,” என்றான்.

அவள் தேய்ப்புக் கல்லை நிறுத்தினாள். தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் இருந்தது.

“விழுந்துட்டியா? அடி கிடி?”

“ஒண்ணும் நடக்கல. அதான் யார்கிட்டயும் சொல்ல முடியல. ஏதாவது நடந்திருந்தா சொல்லியிருப்பேன்.”

நடந்தது இவ்வளவுதான். ஒரு காலை நேரம் மூடுபனி. கிரேனை நிறுத்தியிருக்க வேண்டும். ஒரே ஒரு தூக்கு மட்டும் என்று கீழேயிருந்து கேட்டார்கள். இரண்டு டன் கம்பிக்கட்டு. கூண்டுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. தன் கிரேனின் கை கூடப் பாதிக்குமேல் தெரியவில்லை. கீழே சைகைக்காரர் ரேடியோவில் சொல்லச் சொல்ல இறக்கிக்கொண்டிருந்தான். ஐந்து மீட்டர், நாலு மீட்டர், மூன்று. அதோடு குரல் நின்றுவிட்டது.

“பாட்டரி போயிடுச்சு. எனக்குத் தெரியாதே. நான் ‘கேக்குதா, கேக்குதா’ன்னு கத்தறேன். பதில் இல்ல. இறக்கினா கீழ யார் இருக்காங்கன்னு தெரியாது. தூக்கினா எதுல போய் மாட்டும்னு தெரியாது. கையை லீவர்ல வச்சது வச்சபடி இருபது நிமிஷம். உலகத்துல வேற யாருமே மிச்சம் இல்லாத மாதிரி இருந்துச்சு.”

“அப்புறம்?”

“பனி விலகிச்சு. கீழ பார்க்கறேன், கம்பிக்கட்டு ரெண்டு ஆள் உயரத்துல சும்மா தொங்கிட்டிருக்கு. எல்லாரும் ஓரமா நின்னு டீ குடிச்சிட்டிருக்காங்க. ஒருத்தன் எனக்கு டம்ளரத் தூக்கிக் காட்டறான். எனக்குக் கையை லீவர்லேர்ந்து பிரிக்க முடியல. மறுநாள் ஏணியில பாதி ஏறினேன். அதுக்கு மேல கால் வரல.”

மேஸ்திரி நல்ல மனிதர். ஒன்றும் கேட்காமல் இவனைக் கீழே சைகை கொடுக்கும் வேலையில் போட்டிருந்தார். கிரேனுக்கு வேறு ஆள் வந்துவிட்டார். வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

“உனக்குக் கனவு வர்றதில்லன்னு சொன்னியே.”

“தினம் வருது. மத்தியானம் சாப்பிட்டுட்டு அஞ்சு நிமிஷம் கண்ணசந்தாக்கூட வருது.” அவன் கைகளைப் பார்த்துக்கொண்டான். “அத அந்த மேசையில சொன்னா உங்க அண்ணிக்கு எல்லாம் தெரிஞ்சுடும். அந்த விதிய மாத்திடேன். பொன் கொடுத்தா போதும்னு வை.”

“சேத்துக்குள்ள பொன்ன வச்சுக்கிட்டு அவர் என்ன பண்ணுவார்?”

அண்ணன் சிரித்துவிட்டான். எழுந்து போகும்போது, “யோசிச்சுப் பாரு,” என்று மட்டும் சொன்னான்.

அவள் யோசித்தாள். அந்த வாரம் முழுக்கச் சீட்டுகளின் பின்பக்கம் நிறைந்தது. மூலிகை கேட்கும் ஆவிக்காரர், விடுகதை போடும் ஆவிக்காரர், முடியை வெட்டித் தரச் சொல்லும் ஆவிக்காரர். எந்த விதியை எழுதினாலும் வேர்மேடையில் இருந்தவர் அதைப் படித்துவிட்டுத் தலையசைத்துத் திருப்பிக் கொடுத்தார். வியாழக்கிழமை பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அவள் அவரிடம் மனசுக்குள்ளேயே சண்டை போட்டாள். எங்க அண்ணன் பாவம், விட்டுடுங்களேன் என்றாள். நான் பிடிச்சா வச்சிருக்கேன் என்றார் அவர். பேருந்து ஒரு வளைவில் திரும்பியது. ஜன்னல் கண்ணாடியில் அவள் முகத்துக்குள் தெரு ஓடியது, மரங்கள் ஓடின. அண்ணி சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. இரண்டு படிக்கல். கேட்கிறவருக்கு ஒன்று, கொடுக்கிறவருக்கு ஒன்று. தன்னுடைய விதியும் அப்படிப்பட்டதுதான் என்று அவளுக்குப் பட்டது. வருகிறவனிடம் உள்ளே இருப்பதையெல்லாம் அவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு, ஆவிக்காரர் வெறும் கையோடு உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு அண்ணன் மேசைக்கு வருவானா என்றே அவளுக்குச் சந்தேகம். வந்தான். சுவரோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“விதியில ஒரு திருத்தம்,” என்றாள் அவள். “கனவு கேக்கறவர் முதல்ல தன்னோட கனவச் சொல்லணும். ஆவிக்காரர்தான் முதல்ல சொல்வார். கேட்டுட்டு, பதிலுக்குச் சொல்றதும் சொல்லாததும் வந்தவங்க இஷ்டம்.”

“இது நியாயம்,” என்றாள் அண்ணி உடனே.

அண்ணன் தங்கையை நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். நாணல்கள் விலகின. தண்ணீர், இலைகள், இரண்டிரண்டாய் விளக்குகள். ஆவிக்காரர் பேசத் தொடங்கினார். என்ன சொல்லப்போகிறோம் என்று முன்கூட்டி அவள் எழுதி வைத்திருக்கவில்லை.

“தண்ணி ஏறிட்டே இருக்கு. எங்க ஜனங்க ஒவ்வொருத்தரா கண்ணை மூடறாங்க. விளக்கு ஒவ்வொண்ணா அணையுது. அத ஏத்தற வார்த்தை எனக்குத் தெரியும். ஆனா அது எட்டாவது படியில இருக்கு. நான் ஏழாவதுல நிக்கறேன். எட்டாவது படி என் பாதத்துக்குத் தெரியுது, கண்ணுக்குத் தெரியல. கால எடுத்து வச்சா இருக்குமா, இருக்காதா? அங்க படியே இல்லன்னு யாரோ எழுதி வச்சிருக்காங்க. யார்னு தெரியல. கூப்பிட்டா பதில் இல்ல. நான் ஒத்தக் கால்ல நிக்கறேன். தினமும் அப்படியே நிக்கறேன். காலையில எழுந்ததும் எல்லாரும் என்கிட்ட வந்து, ‘நல்லா தூங்கினீங்களா’ன்னு கேக்கறாங்க. நல்லா தூங்கினேன்னு சொல்றேன்.”

சமையலறையில் குழாய் சொட்டியது. அண்ணன் நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துக்கொண்டான்.

“நான் மேல இருக்கேன்,” என்றான். யாரிடம் சொல்கிறான் என்று தெரியவில்லை. “சுத்திலும் வெள்ளை. கொக்கியில ஏதோ தொங்குது. என்னன்னு தெரியல, ஆனா கனம் கைக்குத் தெரியுது. ரேடியோல ஒரு குரல் சொல்லுது, மூணு மீட்டர், ரெண்டு மீட்டர், ஒரு மீட்டர். நான் இறக்கறேன். அப்புறமும் சொல்லுது, மூணு மீட்டர், ரெண்டு மீட்டர். தரை வரவே மாட்டேங்குது. கயிறு தீரவும் மாட்டேங்குது. அந்தக் குரல்…” அவன் அண்ணியைப் பார்த்தான். “அது உன் குரல். நீ ரொம்பப் பொறுமையா சொல்லிட்டே இருக்க. எனக்கு ஒரே ஒரு விஷயம் உன்கிட்ட சொல்லணும். நான் மேல இல்ல, கீழதான் இருக்கேன்னு. பொத்தான அமுக்கறேன். பேச்சு போகமாட்டேங்குது.”

பிறகு ஆட்டத்தின் குரலை விட்டுவிட்டு, சொந்தக் குரலில் எல்லாவற்றையும் சொன்னான். மூடுபனி, இருபது நிமிஷம், ஏணி, சைகை வேலை. சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

அண்ணி அவன் பக்கம் திரும்பினாள்.

“நாலு மாசமா?”

“நாலு மாசம், ஆறு நாள்.”

“நான் தினம் ஆபீஸ் போற பஸ்லேர்ந்து அந்த மஞ்சள் கிரேனப் பார்த்துக் கை காட்டுவேனே.” அவள் தன் கையைப் பார்த்தாள். “மேலேர்ந்து ஒரு கை அசையும். நாலு மாசமா நான் யாருக்குக் கை காட்டிட்டிருந்தேன்?”

அண்ணன் தயங்கினான். “புது ஆபரேட்டருக்கு. அறுபது வயசு மனுஷன். வந்த புதுசுலேயே என்கிட்ட கேட்டார். ‘காலையில பஸ்ல ஒரு அம்மா எனக்குக் கை காட்டறாங்க, பதிலுக்கு நானும் காட்டறேன், தப்பா ஒண்ணும் இல்லியே’ன்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“தப்பில்ல, காட்டுங்கன்னேன்.”

மாத்திரைக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. அவர் இருமிக்கொண்டே சமையலறைக்கு ஓடினார். அண்ணி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழத் தொடங்கினாள் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை. அண்ணன் கையை நீட்டினான். அவள் அதைத் தட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே அந்தக் கையை எடுத்து மேசைமேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

“எனக்குக் கோபம் போகல,” என்றாள். “நீங்க மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன. என்னப் போய் ஒரு தெரியாத மனுஷனுக்குக் கை காட்ட வச்சிட்டீங்களே.”

“தெரியும்.”

“இன்னிக்குப் பூரா இருக்கும்.”

“சரி.”

கண்ணைத் துடைத்துவிட்டு, “பகடை எங்க?” என்றாள்.

அண்ணன் அதை அவள் பக்கம் தள்ளினான். அண்ணிதான் உருட்டினாள். நஞ்சு முழுதாய் இறங்கப் பதினைந்து வேண்டும். பகடை ஆறில் நின்றது. ஆவிக்காரரின் படி ஏழு. சேர்த்தால் பதின்மூன்று.

“அவருக்கு ஒன்பதாம் படி இருந்திருந்தா போதும்,” என்றார் மாத்திரை, சமையலறை வாசலில் நின்றபடி. “அந்த ஏழாம் படிக் கதைய இப்பவே அடிச்சுட்டா என்ன? எல்லாருக்கும் சம்மதம்தானே?”

“உருட்டினதுக்கு அப்புறம் கல்ல மாத்தக் கூடாது,” என்றாள் அண்ணி. “அடுத்த தடவயிலேர்ந்து வேணா மாத்தலாம்.”

எனவே வாள்வீரன் முழுதாய்க் குணமாகவில்லை. கறுப்புக் கோடு முழங்காலோடு நின்றது. உயிர் பிழைத்தான். நெடுந்தூரம் நடக்க மட்டும் அவனால் இனி முடியாது. பாத்திரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று தங்கை சொல்லிப் பார்த்தாள். அண்ணன் மறுத்துவிட்டான்.

“அவன் அங்கேயே இருக்கட்டும். அவர்கிட்டயே. கரையில நின்னு வர்றவங்கள வழி காட்டிக் கூட்டிட்டு வர ஒரு ஆள் வேணும்ல?”

அப்படி ஒரு பாத்திரத்துக்குப் புத்தகத்தில் விதி எதுவும் இல்லை. ஏழாம் படி என்ற எல்லையை அவர்கள் அன்றைக்கே பேனாவால் அடித்தார்கள். அண்ணி அதற்குப் பக்கத்தில் தேதி போட்டு, வேலையில் வைப்பதுபோலவே சுருக்கமாய் ஒரு கையெழுத்தும் வைத்தாள். பிறகு மாத்திரை செருப்பை மாட்டிக்கொண்டு தங்கைக்குக் கண் காட்டினார். இருவரும் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, வெயில் இருக்கும்போதே கிளம்பிவிட்டார்கள். படியிறங்கும்போது மேலே இரண்டு குரல்கள் மாறி மாறிக் கேட்டன. சண்டையா பேச்சா என்று சொல்ல முடியாத அளவுக்கு மெதுவாக.

அண்ணன் திரும்பக் கிரேனில் ஏறவில்லை. ஏற வேண்டும் என்று யாரும் சொல்லவுமில்லை. கீழ்வேலையில் அவனுக்கு ஒரு பெயர் வந்தது. சொல்வதற்கு ஒன்றுமில்லாத நேரத்திலும் அவன் ரேடியோவைச் சும்மா விடுவதில்லையாம். “இருக்கேன், இருக்கேன்,” என்று சொல்லிக்கொண்டே இருப்பானாம். அந்த அறுபது வயது ஆபரேட்டர் இப்போது வேறு யாருடைய சைகையிலும் வேலை செய்ய மாட்டேன் என்கிறார். கனவு சுத்தமாய் நின்றுவிட்டதா என்று அவள் ஒருமுறை கேட்டாள். வருகிறது, ஆனால் சில நாள் தரை தட்டுகிறது என்றான்.

ஆட்டம் தொடர்ந்தது. சதுப்பர்களை வெட்டிப் புள்ளி சேர்ப்பதை யாரும் தடை செய்யவில்லை, ஆனால் அதற்குப் பிறகு யாரும் அதைச் செய்யவுமில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, அண்ணி ஆறு பக்கம் கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டிருந்தாள்.

“மலை அரக்கர்களுக்கும் ஒரு ஆவிக்காரர் இருப்பார் இல்லையா? அவரோட விதி. ஒரே ஒரு நாள் நான் நடத்தறேன். நீ விளையாடு.”

பாத்திரமாய் விளையாடி அவளுக்குப் பழக்கமே இல்லை. அண்ணன் அவளுக்கு ஒரு நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தான். மாத்திரை தன் பகடையை இரவல் தந்தார். அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டு, பனி மூடிய ஒரு கணவாயைப் பற்றி, சரக்குப் பட்டியல் வாசிக்கும் குரலில் ஆரம்பித்தாள். நாலாவது வாக்கியத்தில் அந்தக் குரல் தானாகவே தாழ்ந்தது. அண்ணன் தந்த நாற்காலியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு, பாறைகளுக்கு நடுவே மெல்ல நடக்கத் தொடங்கினாள்.